கம்பி கட்டிய டாக்டர்

(இந்தியாவுக்குத் தந்தி தந்த ஓஷாக்னசியின் வாழ்க்கை வழியே ஒரு நெட்வொர்க் பாடம்)



நம் துறையில் எல்லாரையும் ஒரு கை பார்க்கிற பாடம் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் நெட்வொர்க். ஏழு அடுக்குகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் தூக்கத்திலும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்த அடுக்குகள் எதற்கு, புரோட்டோகால் என்று ஒன்று ஏன் வேண்டும், அது இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப் போகும் என்று நம் வீட்டில் யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறுவோம். என் வீட்டில் கேட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் என்ன படிக்கிறேன் என்று ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் தெரிஞ்சாகணும். அப்பத்தாவுக்குப் புரியும்படி சொல்ல ஒரு கதை தேடியபோது கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

அவர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. இன்ஜினியரிங் படித்ததும் இல்லை. அவர் ஒரு டாக்டர். ஆனால் இந்தியா முழுவதையும் ஒரே கம்பியில் கட்டிய முதல் மனிதர் அவர். பெயர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி. இந்தியத் தந்தியின் தந்தை என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது.

ரத்தத்தில் உப்பைத் தேடிய இளைஞர்

ஓஷாக்னசி 1809-ல் அயர்லாந்து நாட்டின் லிமெரிக் நகரில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1829-ல் பட்டம் வாங்கினார். அடுத்த இரண்டு வருஷத்தில் இங்கிலாந்தில் காலரா புகுந்தது. ஜனங்கள் ஈசல் மாதிரி செத்து விழுந்தார்கள். டாக்டர்கள் நோயாளியின் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியே எடுப்பதையே வைத்தியம் என்று நம்பிய காலம் அது.

இருபத்திரண்டு வயசு இளைஞரான ஓஷாக்னசி, காலரா கண்டவர்களின் ரத்தத்தை எடுத்து ரசாயனச் சோதனை செய்தார். ரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்து போயிருப்பதைக் கண்டார். போனதைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம் என்று எழுதினார். 1832-ல் தாமஸ் லட்டா என்ற இன்னொரு டாக்டர் அதைச் செய்து காட்டினார். இன்று நம் அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றுப்போக்கு என்று போனால் ஏற்றுகிறார்களே குளுக்கோஸ், சலைன், அதற்கு விதை போட்டவர்களில் இவரும் ஒருவர்.

இவ்வளவு செய்தும் லண்டனில் மருத்துவத் தொழில் நடத்த அவருக்கு வழி கிடைக்கவில்லை. 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி சர்ஜனாகக் கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். 1835-ல் தொடங்கிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியர் ஆனார். நம் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து பெரிய மருந்து நூல் எழுதினார்.

மூங்கிலில் தொங்கிய கம்பி

1837-ல் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் என்ற இருவர் மின்சாரத் தந்திக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அமெரிக்காவில் மோர்ஸ் தன் கருவியோடு போராடிக்கொண்டிருந்தார். அவருடைய வாஷிங்டன் - பால்டிமோர் தடம் ஓடியது 1844-ல்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே, 1839-ல், கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் ஓஷாக்னசி மூங்கில் நட்டு, பல மைல் நீளத்துக்கு இரும்புக் கம்பியை வரிசை வரிசையாக மடக்கிக் கட்டினார். அத்தனை தூரம் மின்சாரம் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி. போய்ச் சேர்ந்தது.

ஆனால் மின்சாரம் வந்தால் மட்டும் செய்தி ஆகிவிடுமா? இங்கேதான், தோழர்களே, நம் பாடம் ஆரம்பிக்கிறது. ஓஷாக்னசி இரண்டு முனையிலும் ஒரே நேரம் காட்டும் கடிகாரங்களை வைத்தார். கடிகார முள் எந்த எழுத்தின் மேல் இருக்கும்போது அதிர்ச்சி வருகிறதோ, அதுதான் அனுப்பிய எழுத்து. வாங்குகிறவர் விரலைக் கம்பியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன ஷாக்கை உணர வேண்டும்!

இதில் எத்தனை ஒப்பந்தம் இருக்கிறது பாருங்கள். இரண்டு கடிகாரமும் ஒத்துப் போகணும். எந்த இடத்தில் எந்த எழுத்து என்று இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியணும். எப்போது ஆரம்பம், எப்போது முடிவு என்று முன்கூட்டியே பேசியிருக்கணும். இப்படி அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்கிற விதிமுறைதான் புரோட்டோகால். கம்பி என்பது உடம்பு என்றால் புரோட்டோகால்தான் உயிர். விதி இல்லாத கம்பியில் வருவது வெறும் ஷாக்.

நம்ம சிவகாசி பக்கத்து ஆட்களுக்குப் பிடிக்கிற இன்னொரு சேதி. அதே 1839-ல் ஹூக்ளி ஆற்றில் மூழ்கிக் கிடந்து பாதையை அடைத்த ஒரு கப்பலை, தண்ணீருக்குள் வெடிமருந்து வைத்து, கரையிலிருந்து மின்கம்பி மூலம் வெடிக்க வைத்துத் தகர்த்தார். திரி இல்லாத வெடி! நெருப்பு வைக்கிற ஆளும் வெடியும் தூரத் தூர இருக்கலாம் என்று காட்டிய வேலை அது.

இவ்வளவுக்குப் பிறகும் கம்பெனி சர்க்கார் தந்தியைக் கண்டுகொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அந்த யோசனை தூங்கியது. ஓஷாக்னசி கல்கத்தா நாணயச் சாலையில் உலோகம் சோதிக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைமண்ட் துறைமுகம் வரை

டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு காற்று மாறியது. 1850-ல் சோதனைத் தடம் போட அனுமதி கிடைத்தது. கல்கத்தாவிலிருந்து டைமண்ட் துறைமுகம் வரை, சுமார் முப்பது மைல். 1851 முடிவதற்குள் அது வேலை செய்யத் தொடங்கியது. கடலிலிருந்து எந்தக் கப்பல் வருகிறது என்ற தகவல் வியாபாரிகளுக்கு உடனே கிடைத்தது. 1852-ல் பர்மா யுத்தத்தில் ரங்கூன் பிடிபட்ட சேதி, அதைக் கொண்டுவந்த கப்பல் கல்கத்தா சேர்வதற்கு முன்னாலேயே கம்பி வழியாக வந்துவிட்டது. டல்ஹவுசிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஓஷாக்னசியை லண்டனுக்கே அனுப்பி நாடு முழுக்கத் தந்தி போட அனுமதி வாங்கிவிட்டார்.

அந்தச் சின்னத் தடத்தில் ஓஷாக்னசி கற்றது ஏராளம். சீமையில் போடுகிற மெல்லிய கம்பி இங்கே நிற்காது என்று கண்டார். குரங்கு தொங்கும், பறவை மோதும், புயல் அடிக்கும். அதனால் தடிமனான இரும்புக் கம்பியையே போட்டார். மரக்கம்பத்தைக் கரையான் தின்றது; அந்தந்த ஊரில் எது நிலைக்குமோ அதைத் தேடினார். மதராஸ் தடத்தில் பல மைல் தூரத்துக்குக் கருங்கல் தூண்களே நின்றன. மண்ணுக்கடியில் போட்ட இடத்தில் மணலும் பிசினும் கலந்து கம்பியை மூடினார். செய்தி காட்டும் கருவியையும் தானே வடிவமைத்தார். சுருளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊசி. மின்சாரம் ஒரு பக்கம் போனால் ஊசி இடது, மாறிப் போனால் வலது. அந்த இடது வலது அசைவுகளைச் சேர்த்துத்தான் எழுத்து. இரண்டே நிலைதான். நாம் இன்று பூஜ்யம், ஒன்று என்று படிக்கிறோமே, அதற்கு இது பெரியப்பா முறை.

புஸ்தகத்தில் உள்ள முதல் அடுக்கு, அதாவது பிசிக்கல் லேயர் என்பது இதுதான். கம்பி என்ன தடிமன், எதால் மூடுவது, எந்த அசைவு எதைக் குறிக்கும். அது செம்பாக இருந்தாலும் கண்ணாடி இழையாக இருந்தாலும் காற்றில் போகும் வைஃபை அலையாக இருந்தாலும் கேள்வி அதே கேள்விதான்.

நந்தி என்றொரு மனிதர்

ஓஷாக்னசியின் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவருக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வங்காளி. சிப் சந்திர நந்தி. நாணயச் சாலையில் சாதாரண வேலைக்குச் சேர்ந்தவர். எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. ஓஷாக்னசி அவருடைய கைத்திறனைப் பார்த்துத் தந்தி வேலைக்கு இழுத்துக்கொண்டார். டைமண்ட் துறைமுகத் தடம் போடும் மேற்பார்வை நந்தியிடம் வந்தது. அந்த முனையிலிருந்து அவர் செய்தி அனுப்ப, கல்கத்தா முனையில் ஓஷாக்னசி வாங்கினார்.

பின்னாளில் பத்மா நதியைத் தாண்டி ஏழு மைல் கேபிள் போட வேண்டியிருந்தது. கப்பல் வாடகைக்கு எடுக்கப் பெருந்தொகை கேட்டார்கள். நந்தி என்ன செய்தார் தெரியுமா? மீனவர்களின் படகுகளைக் கூப்பிட்டுக் கேபிளை இறக்கிவிட்டார்! கையில் இருக்கிறதை வைத்துக் காரியத்தை முடிப்பது என்றால் இதுதான். கம்பெனி சம்பளப் பட்டியலில் அவர் பெயர் கீழே இருந்திருக்கலாம். ஆனால் ஆற்றுக்கு அடியில் கேபிள் கிடந்தது அவரால். பின்னர் ராய் பகதூர் பட்டம் அவரைத் தேடி வந்தது.

எண்ணூறு மைல், ஐந்து மாசம்

1853 நவம்பரில் கல்கத்தா - ஆக்ரா தடம் தொடங்கியது. 800 மைல். 1854 மார்ச் 24 அன்று அந்த முழுத் தூரத்துக்கும் முதல் செய்தி ஓடியது. ஐந்து மாசம்கூட முழுசாக ஆகவில்லை! அன்று லாரி இல்லை, ஜே.சி.பி. இல்லை. மாட்டு வண்டியும் மனுஷத் தோளும்தான். நம்மைப் போன்ற வீட்டுக்காரர்கள்தான் அந்தக் கம்பங்களைச் சுமந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1855 தொடக்கத்தில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் ஒரே கம்பியில் இணைந்து, பொதுமக்களும் தந்தி கொடுக்கலாம் என்று ஆனது. மூவாயிரம் மைலுக்கு மேல். 1856-ல் ஓஷாக்னசிக்கு சர் பட்டம் கிடைத்தது.

ஒரு தந்தியின் பயணம்

இப்போது ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்த ஆரம்ப நாளில் கல்கத்தாவிலிருந்து மதராசுக்கு ஒரு தந்தி எப்படிப் போகும்? கிழக்குக் கரையோரமாக நேராக வராது. அந்த வழியில் கம்பி கிடையாது. வடமேற்கே ஆக்ரா போய், அங்கிருந்து பம்பாய் இறங்கி, பிறகுதான் மதராஸ் வரும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதைதான். ஆனால் சேர்ந்துவிடும்.

இதுதான் ரூட்டிங். கல்கத்தா குமாஸ்தாவுக்கு மதராஸ் எங்கே இருக்கிறது என்ற பூகோளம் தேவையில்லை. மதராஸ் என்று போட்டிருந்தால் அடுத்து எந்த நிலையத்துக்குத் தள்ளணும் என்பது தெரிந்தால் போதும். இடையில் உள்ள நிலையத்தில் ஒருவர் செய்தியை வாங்கிக் காகிதத்தில் எழுதி வைத்து, அடுத்த கம்பி காலியானதும் திரும்ப அடிப்பார். வாங்கி வை, பிறகு அனுப்பு. நம் லேபில் மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிற ரவுட்டர் இதே வேலையைத்தான் ஒரு நொடிக்குள் பல்லாயிரம் தடவை செய்கிறது. பின்னர் கிழக்குக் கரையில் நேர்த் தடம் போட்டதும் வழி மாறியது; தந்தியின் வாசகம் மாறவில்லை. வழி வேறு, செய்தி வேறு. இந்தப் பிரிவினைதான் அடுக்குகளின் ரகசியம். ஒரு அடுக்கில் மாற்றம் வந்தால் மற்ற அடுக்கு கவலைப்படக் கூடாது.

இன்னும் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு கம்பியில் பல நிலையங்கள் இருக்கும். ஒருவர் அடித்தால் எல்லாருக்கும் கேட்கும். ஆனால் தன் நிலையத்தின் அழைப்புக் குறி வந்தால் மட்டுமே அந்த ஆள் எழுதிக்கொள்வார். ஈதர்நெட்டில் 48 பிட் மேக் விலாசம் செய்வது இதே வேலை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடித்தால் இரண்டும் குழம்பிப் போகும். அதுதான் கொலிஷன்.

முதலில் எதிர் நிலையத்தைக் கூப்பிடணும். அவர் இருக்கிறேன் என்று குறி கொடுக்கணும். அதன் பிறகுதான் செய்தி. முடிந்ததும் வாங்கிவிட்டேன் என்ற குறி வரணும். வராவிட்டால் திரும்ப அடிக்கணும். டி.சி.பி. என்று நாம் படிப்பது இந்த மரியாதையைத்தான். கூப்பிடுவது, பதில் வருவது, பதில் கிடைத்தது என்று சொல்வது. இந்த மூன்று படி கைகுலுக்கல் முடிந்தால்தான் டேட்டா நகரும். யு.டி.பி. என்பது இந்த மரியாதை எல்லாம் பார்க்காமல் வீசிவிட்டுப் போகிற ஆசாமி. ஆன்லைனில் கிரிக்கெட் ஸ்கோர் பேசுவதற்கு அவரும் வேண்டும். நேரம் போய் வருகிற வார்த்தையால் பிரயோஜனம் இல்லையே.

தந்தியின் தலைப்பில் மொத்தம் எத்தனை வார்த்தை என்ற எண்ணிக்கை முதலில் போகும். வாங்கியவர் தான் எழுதியதை எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் திரும்பக் கேட்பார். இன்று ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் செக்சம் என்று ஒரு எண் இருப்பது அந்த எண்ணிக்கையின் பேரன்.

கடைசியாக விலாசம். தந்தியில் விலாசத்தின் வார்த்தைக்கும் காசு கொடுக்கணும். அதனால் வியாபாரிகள் தந்தி ஆபீசில் பணம் கட்டி ஒரே வார்த்தையில் தந்தி விலாசம் பதிந்து வைத்தார்கள். விருதுநகர், சிவகாசிப் பழைய கடைகளின் லெட்டர்பேடு கிடைத்தால் பாருங்கள், ஃபோன் நம்பருக்குப் பக்கத்தில் கிராம்ஸ் என்று போட்டு ஒரு சின்னப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்ற பதிவேடு தந்தி ஆபீசில் இருக்கும். டி.என்.எஸ். என்பது வேறென்ன? நாம் அடிப்பது ஒரு பெயர். அதற்குப் பின்னால் இருக்கிற 32 பிட் ஐ.பி. விலாசத்தைத் தேடிக் கொடுக்கிற பதிவேடு. அந்த விலாசங்கள் போதாமல்தான் 128 பிட் ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தது.

சரவெடியும் நெட்வொர்க்கும்

என் அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். ஒவ்வொரு வெடியின் திரியையும் நடுத் திரியோடு சேர்த்துப் பின்னணும். நடுத் திரி ஓர் இடத்தில் அறுந்தால் அதற்கு அப்புறம் உள்ள வெடி எதுவும் வெடிக்காது. பஸ் டோபாலஜி பற்றி அம்மாவுக்கு நான் விளக்க ஆரம்பித்தபோது, பாதி சொல்வதற்குள் அதன் குறையை அம்மாவே சொல்லிவிட்டார்! ஒரே தண்டை நம்பி எல்லாம் தொங்கினால் தண்டு போனால் எல்லாம் போச்சு. அதனால்தான் இன்று நடுவில் ஸ்விட்ச் வைத்து நட்சத்திர வடிவில் இழுக்கிறோம். பெரிய நெட்வொர்க்கில் ஒரு ஊருக்கு இரண்டு மூன்று வழி வைக்கிறோம்.

ஒரு நாள் மதியம், தூரத்தில் புகை தெரிகிறது, ஏதோ ஒரு ஆலையில் வெடி விபத்து என்று சேதி வந்தது. எந்த ஆலை, எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. நம்ம பக்கத்தில் இந்தச் சேதி வந்தால் ஒவ்வொரு வீடும் ஃபோனைத்தான் எடுக்கும். நானும் எடுத்தேன். அம்மாவின் நம்பர் போகவே இல்லை. மணி அடிக்கவில்லை, பதிலும் இல்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். என்னைப் போலவே ஆயிரம் பிள்ளைகள் அதே நேரத்தில் அதே டவரைத் தட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து அம்மாவே யாருடைய ஃபோனிலிருந்தோ பேசினார். அம்மா வேலை பார்த்த ஆலை அது இல்லை. ஆனால் அன்று எத்தனையோ வீட்டுக்கு அந்தப் பதில் வரவில்லை.

கன்ஜெஷன் என்ற வார்த்தைக்கு விளக்கம் இரண்டு மார்க் கேள்வி. எனக்கு அது அந்த ஒரு மணி நேரம். பாதையின் கொள்ளளவை விட அதிகமாக எல்லாரும் ஒரே சமயத்தில் தள்ளினால் வரிசை நிரம்பும். நிரம்பியபின் வருவது கீழே விழும். அனுப்புகிறவன் நிதானித்துக் குறைத்து அனுப்பணும் என்று டி.சி.பி.யில் எழுதி வைத்திருக்கிறார்கள். எதை முதலில் விடணும் என்றும் விதி வைக்கலாம். அந்தக் காலத் தந்தியிலும் சர்க்கார் செய்திக்கு முதல் வழி, சாதாரண ஜனத்தின் செய்திக்கு அப்புறம். யாருடைய செய்தி முதலில் என்பதையும் மனுஷன்தான் முடிவு பண்ணுகிறான். இதை நாம் ஞாபகம் வைக்கணும்.

யாருக்காகப் போட்ட கம்பி?

ஓஷாக்னசியைப் புகழ்கிறபோது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கம்பி நம் ஜனங்களின் நன்மைக்கென்று போட்டது இல்லை. ராஜ்யத்தைக் கட்டி ஆளவும் படையை நகர்த்தவும் போட்டது. 1857-ல் சிப்பாய்கள் எழுந்தபோது டெல்லியிலிருந்து அம்பாலாவுக்குப் போன தந்திதான் பஞ்சாபில் இருந்த ஆங்கில அதிகாரிகளை உஷார்ப்படுத்தியது. கிளர்ச்சிக்காரர்களுக்கும் இது தெரியும். போன இடமெல்லாம் கம்பியை அறுத்தார்கள், கம்பத்தைச் சாய்த்தார்கள். சண்டை ஓய்ந்ததும் சர்க்கார் முன்னைவிட அதிகமாகக் கம்பி இழுத்தது.

ஆனால் கம்பிக்கு எஜமான் தெரியாது. பின்னாளில் நம் தலைவர்கள் கைதான சேதியையும் அதே கம்பிதான் பத்திரிகை ஆபீசுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிராமத்தில் அது வேறு முகம் காட்டியது. தந்தி வந்திருக்கு என்றாலே பிரிக்கிறதுக்கு முன்னாலேயே ஒப்பாரி ஆரம்பித்துவிடும் என்று அப்பத்தா சொல்லுவாங்க. படிக்கத் தெரிந்த ஆள் தெருவில் ஒருத்தர்தான். அவர் வந்து படிக்கிற வரைக்கும் யார் செத்தது என்றே தெரியாமல் அழுவார்களாம். செய்தி மின்சார வேகத்தில் வந்தும் கடைசி பத்தடி தூரம் எழுத்தறிவு இல்லாமல் நின்றுபோனது. நெட்வொர்க்கின் கடைசி அடுக்கு மனுஷன்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த அடுக்கு புஸ்தகத்தில் இல்லை.

தன் கருவியைத் தானே ஒதுக்கியவர்

ஓஷாக்னசியின் வாழ்க்கையில் நான் பெரிதாக மதிக்கிற காரியம் ஆக்ரா தடமும் இல்லை, சர் பட்டமும் இல்லை. தன்னுடைய ஊசிக் கருவியை விட்டுக்கொடுத்ததுதான்.

அந்தக் கருவி அவர் பெற்ற பிள்ளை மாதிரி. விலை குறைவு. நம் நாட்டிலேயே செய்யலாம். நாடு முழுக்க அதில்தான் தந்தி ஓடியது. ஆனால் உலகம் மோர்ஸ் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. மோர்ஸ் கருவி வேகமானது, காகிதத்தில் பதிவும் விழும். ஓஷாக்னசி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பார்த்தார். 1857 வாக்கில் இந்தியத் தடங்களில் மோர்ஸ் கருவிகள் வந்தன. கொண்டுவந்தவர் அவரே.

என் கருவிதான் உசத்தி என்று அவர் பிடிவாதம் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1870-ல் கடலடிக் கேபிள் வழியாகப் பம்பாயும் லண்டனும் இணைந்தபோதும், 1871 வாக்கில் மதராசிலிருந்து பினாங்குக்குக் கேபிள் போனபோதும் ஒவ்வொரு கரையிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார வேண்டியிருந்திருக்கும். பொது விதிக்குத் தலைவணங்கியதால்தான் இந்தியத் தடம் உலகத் தடத்தோடு சேர்ந்தது.

இன்டர்நெட்டின் கதையும் இதேதான். 1969-ல் அமெரிக்காவில் அர்பாநெட் தொடங்கியது. ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டரும் ஒவ்வொரு பாஷை பேசிய காலம். பொது விதிகளை எழுதி எல்லாரும் படிக்கும்படி ஆர்.எஃப்.சி. என்ற வரிசையில் வெளியிட்டார்கள். 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் முழுவதும் டி.சி.பி./ஐ.பி.க்கு மாறியது. அன்று முதல் எந்தக் கம்பெனி மெஷினும் எந்தக் கம்பெனி மெஷினோடும் பேசலாம் என்று ஆனது. நம் நாட்டில் 1986-ல் ஏர்நெட் தொடங்கி ஐ.ஐ.டி.க்கள் போன்ற கல்வி நிலையங்களை இணைத்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தது. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கண்ணாடி இழைக் கேபிள் கடலடியில் ஓடியது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் தந்திக் கேபிள் கடந்த அதே வங்கக் கடல்தான்!

ஓஷாக்னசி 1853-லேயே தந்தி வேலைக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டார். எல்லா நிலையமும் ஒரே மாதிரி நடக்கணும் என்பதற்காக. ஆர்.எஃப்.சி. படிக்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கையேடுதான் ஞாபகம் வருகிறது.

முடிவும் தொடக்கமும்

1860 வாக்கில் உடல்நலம் குன்றி ஓஷாக்னசி இங்கிலாந்து திரும்பினார். 1861-ல் குடும்ப வழியாக புரூக் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். பெயர் மாறியதாலோ என்னவோ உலகம் அவரைச் சீக்கிரமே மறந்தது. 1889 ஜனவரியில் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார். அவர் தொடங்கி வைத்த இந்தியத் தந்தி அவருக்குப் பிறகும் 120 வருஷத்துக்கு மேல் ஓடி, 2013 ஜூலையில் நின்றது. நாம் எல்லாம் அப்போது ஒண்ணாப்பு, ரெண்டாப்பு படித்துக்கொண்டிருந்தோம்.

தோழர்களே! மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாற்கர ரோடு நம் காரியாபட்டியைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்த மாதிரி ரோட்டோரங்களில் பள்ளம் தோண்டி ஆரஞ்சுக் கலர் குழாய் புதைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே போவதுதான் கண்ணாடி இழை. தோண்டுகிறவர்கள் நம் ஊர் ஆட்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாம் சொல்லலாம். அதைவிட, அந்தக் குழாய் எங்கே போகணும், எந்தக் கிராமத்துக்கு இரண்டாவது வழி வேண்டும், விபத்து நேரத்தில் எந்த அழைப்புக்கு முதல் இடம் என்று முடிவு பண்ணுகிற மேஜையில் நம்மில் ஒருத்தர் உட்காரணும். பட்டம் பெரிசாக இருக்கணும் என்று இல்லை. நந்தியிடம் டிப்ளமோகூட இல்லை. நம்மிடம் அதுவாவது வரப்போகிறது.

ஏழு அடுக்கையும் மனப்பாடம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சை இருக்கிறதே! ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் பின்னால் ஒரு மனுஷன் பட்ட கஷ்டம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அப்புறம் அது மறக்காது.

வளர்க அறிவு! வாழ்க நம் மாணவர் மன்றம்!

– மாணவி, மூன்றாம் ஆண்டு,
கணிப்பொறிப் பொறியியல் துறை